ஆக்ஸ்பர்க் ஐஸ்கனாலில் முதல் தடவை இறங்கப் போகிறேன், யாராவது இறங்கியிருக்கிறீர்களா?

கத்துக்குட்டி_கயாக் (மூனிக்), ஜூன் 3

வணக்கம். சொந்த ஊர் பவானி, வேலை மூனிக்கில். கூடுதுறையில் முங்கி வளர்ந்தவனுக்குத் தண்ணீர் பயம் எதற்கு என்று போன ஞாயிறு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷமாக இங்கே ஒரு கிளப்பில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் மூடிய சின்னப் படகு) ஓட்டுகிறேன். ஏரியில் ஓட்டுவேன், இசார் ஆற்றில் சாதுவான இடங்களில் ஓட்டுவேன். கவிழ்ந்தால் படகோடு சேர்ந்து உருண்டு எழுவார்களே, அந்த ரோல் நீச்சல் குளத்தில் பத்துக்கு எட்டு தடவை வரும். இந்த மாதக் கடைசியில் கிளப்பில் எல்லோரும் ஆக்ஸ்பர்க்கில் இருக்கிற ஐஸ்கனால் என்ற வேகத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறார்கள், நீயும் வா என்றார்கள். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

ஹோக்சோல் ஸ்டேஷனில் இறங்கி லெக் ஆற்றங்கரையோடு நடந்தால் முதலில் வருவது ஹோகாப்லாஸ் தடுப்பணை. ஆறு அங்கே தடுக்கப்பட்டு, நுரைத்து, சத்தமாக விழுகிறது. அதன் இடது கரையில் பிரிந்து போகிற தண்ணீரில்தான் ஐஸ்கனால். இரண்டு பக்கமும் கான்கிரீட், அதற்கு மேலே உட்கார்ந்து பார்க்கப் புல் சரிவு. குடும்பம் குடும்பமாக ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு பெண் பிள்ளை வந்தாள். அத்தனை கொந்தளிப்புக்கு நடுவில் ஒரு கான்கிரீட் திட்டின் பின்னால் படகைச் சட்டென்று திருப்பி நிறுத்தினாள். துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு ஹெல்மெட் வாரை இறுக்கினாள், அவசரமே இல்லாமல். அவளுக்கு ஒரு படகு நீளம் தள்ளி ஒருவர் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தார். படகின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது.

நான் இறங்கலாமா? கவிழ்ந்தால் தலை கான்கிரீட்டில் மோதுமா? அப்புறம், ஜூன் மாதத்தில் ஐஸைக் காணோம், பிறகு ஏன் அந்தப் பெயர்?

---

சும்மா_வேடிக்கை (ஸ்டுட்கார்ட்), ஜூன் 3

மூனிக் பூங்காவுக்குள் பலகையை வைத்துக்கொண்டு அலைமேல் நின்று ஆடுகிறார்களே, அதுதானே இது? அதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

---

லெக்கரை (ஆக்ஸ்பர்க்), ஜூன் 3

வேடிக்கை சார், அது ஐஸ்பாக், மூனிக்கில் இருக்கிறது. இது ஐஸ்கனால், ஆக்ஸ்பர்க்கில் இருக்கிறது. இந்தக் குழப்பத்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கத்துக்குட்டி தம்பி, பெயரில் தொடங்குகிறேன். ஹோகாப்லாஸில் இருந்துதான் பல நூறு வருஷமாக ஆக்ஸ்பர்க் ஊருக்குள் வாய்க்கால்கள் போகின்றன. ஆலைகள் அதை நம்பி ஓடின. 1879 முதல் குடிநீரும் அங்கே உள்ள நீரேற்று நிலையத்திலிருந்துதான் வந்தது. ஆற்றுத் தண்ணீர் டர்பைனைச் சுற்றும், டர்பைன் பம்பை ஓட்டும். பனிக்காலத்தில் லெக் ஆற்றில் பாளம் பாளமாகப் பனிக்கட்டி மிதந்து வரும். அது வாய்க்காலுக்குள் புகுந்தால் இயந்திரம் போச்சு. அதனால் பனிக்கட்டியை ஒதுக்கி மறுபடியும் ஆற்றிலேயே கொண்டுபோய்த் தள்ள ஒரு கழிவு வாய்க்கால் வெட்டினார்கள். அதுதான் ஐஸ்கனால். விளையாட்டுக்காக யாரும் வெட்டியதில்லை. ஊர்ப் பசங்கள் அதில் படகு விட்டுப் பழகிக்கொண்டார்கள். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் முதல் முறையாக கேனோ ஸ்லாலோமை (தண்ணீருக்கு மேல் தொங்குகிற கம்பிகளுக்கு நடுவில் படகை ஓட்டும் போட்டி) சேர்த்தபோது இந்த வாய்க்காலைத்தான் கான்கிரீட் போட்டுப் போட்டித் தடமாக்கினார்கள். உலகத்தில் இந்த வகையில் முதல் செயற்கைத் தடம் இதுதான். 2019இல் ஆக்ஸ்பர்க்கின் நீர் மேலாண்மை அமைப்பு முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சேர்ந்தே போனது.

இறங்கலாமா என்றால், இறங்கலாம். ஆனால் முதல் நாளே ஒலிம்பிக் தடத்தில் வேண்டாம். பக்கத்திலேயே சிறுவர்களுக்கான தடம் ஒன்று இருக்கிறது. அதில் பாதி நாள் செலவழியுங்கள். நீங்கள் பார்த்த பெண் பிள்ளையும் அதில்தான் நான்கைந்து வருஷம் உருண்டிருப்பாள்.

அவள் செய்தது மந்திரம் ஒன்றுமில்லை. கான்கிரீட் திட்டின் பின்னால் தண்ணீர் கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பி ஓடும். ஜெர்மனில் கேர்வாசர் என்பார்கள், இங்கிலாந்து ஆட்கள் எடி என்பார்கள். அதுதான் உங்கள் பஸ் ஸ்டாப். அங்கே இளைப்பாறலாம், அடுத்த பள்ளத்தைப் பார்த்து யோசிக்கலாம். ஆபத்து உள்ளே இருக்கும்போது இல்லை, வெளியே வரும்போதுதான். நிற்கிற தண்ணீரிலிருந்து ஓடுகிற தண்ணீருக்குள் மூக்கை நுழைத்த கணத்தில் ஆறு படகின் அடியைப் பிடித்து இழுக்கும். அப்போது தண்ணீர் போகிற திசைப் பக்கம் படகைச் சாய்க்க வேண்டும். வளைவில் சைக்கிளைச் சாய்ப்போம் இல்லையா, அதேதான். புதியவர்கள் பயத்தில் எதிர்ப் பக்கம் சாய்வார்கள். தண்ணீர் அந்த விளிம்பின் மேல் ஏறும், ஒரே நொடியில் தலைகீழ்.

தலை மோதுமா என்றால், மோதலாம். கவிழ்ந்தவுடன் உடம்பை முன்னால் மடக்கி, நெற்றி படகின் மேல் தட்டைத் தொடுகிற மாதிரி சுருண்டுகொள்ளுங்கள். அப்போது அடிபடுவது ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டின் முதுகும்தான், முகம் இல்லை. முழங்கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றுப் பாறை ஆயிரம் வருஷம் உருண்டு வழுவழுப்பாக இருக்கும், கான்கிரீட் அப்படி இல்லை.

---

காட்டாறு (கோவை), ஜூன் 4

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சிமெண்டு வாய்க்காலில் மதகைத் திறந்து விட்டு அதில் படகு ஓட்டுவதற்கு ஆறு என்று பெயரா? நான் பத்து வருஷமாக மழைக்காலத்தில் கேரளத்துக் கோடஞ்சேரிக்குப் போகிறேன். அங்கே சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகள் இரண்டும் ஒரே நாளில் காலை ஒரு முகம், மாலை ஒரு முகம் காட்டும். மேலே மலையில் மழை கொட்டினால் முன்தினம் நீங்கள் பார்த்து வைத்த பாறையே காணாமல் போய்விடும். தண்ணீரை வாசிக்கக் கற்பது அங்கேதான். இங்கே என்ன இருக்கிறது? தினமும் அதே திட்டு, அதே பள்ளம். ஜிம்மில் டிரெட்மில் ஓடுவது மாதிரி.

இன்னொன்று. அணை கட்டி ஆற்றைக் கொன்றுவிட்டு, அதன் ஓரத்தில் பொம்மை ஆறு ஒன்றைக் கட்டி டிக்கெட் போடுவது எனக்கு உறுத்துகிறது.

---

டீஸ்_டாக்டர் (மிடில்ஸ்பரோ), ஜூன் 4

காட்டாறு அண்ணா, டிரெட்மில்லில் ஓடிய பிறகுதான் எனக்கு ரோட்டில் ஓடத் தைரியம் வந்தது. அதில் என்ன தப்பு?

எங்கள் ஊரில் டீஸ் ஆற்றின் குறுக்கே 1995இல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். கடல் ஓதம் மேலே ஏறாமல் தடுத்து, மேல்பக்கம் எப்போதும் நல்ல தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது நோக்கம். அணையை ஒட்டியே படகுத் தடமும் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். தடம் முடிகிற கீழ்ப்பக்கம் கடலோடு சேர்ந்தது. ஓதம் ஏறினால் கீழ்மட்டம் உயரும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும், நுரைத்து ஓடுகிற வெள்ளைத் தண்ணீர் செத்துப்போகும். பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரி ஓத அட்டவணை பார்த்துத்தான் படகை எடுக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

2011 வாக்கில் புதுப்பித்தபோது நான்கு பெரிய ஆர்க்கிமிடீஸ் திருகுகளை வைத்தார்கள். சரிவான தொட்டியில் படுத்திருக்கும் ராட்சதத் திருகாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றினால் தண்ணீரைக் கீழேயிருந்து மேலே ஏற்றும். படகு ஓட்டாத நேரத்தில் மேலேயிருந்து வருகிற தண்ணீர் அதே திருகைத் திருப்பிச் சுற்றி மின்சாரம் கொடுக்கும். என் பையனுக்குப் படகைவிட அதைப் பார்ப்பதில்தான் ஆர்வம், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

கத்துக்குட்டி, ஒரு டாக்டராக மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, தோள்பட்டை. கவிழப் போகிறோம் என்றதும் கை தானாகத் துடுப்போடு தலைக்கு மேலே போகும். அந்த நிலையில் தண்ணீர் துடுப்பைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். கயாக் ஓட்டுபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். முழங்கை விலாவை விட்டு ரொம்ப விலகக் கூடாது. இரண்டு, குளிர். உங்கள் லெக் ஆல்ப்ஸில் பிறந்து வருகிறது, ஜூனில் பனி உருகிய தண்ணீர். முகம் முங்கியதும் உங்களைக் கேட்காமலே மூச்சு உள்ளே இழுக்கும். முதல் தடவை இறங்குமுன் கரையிலேயே முகத்தைத் தண்ணீரில் முக்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். மூன்று, ஆறு எந்த ஊர் ஆறானாலும் பெருமழைக்கு மறுநாள் அதில் சாக்கடை கலந்திருக்கும். கையில் ஆறாத காயம் இருந்தால் மூடி ஒட்டுங்கள். எலிக்காய்ச்சல் நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. பத்து நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்று வந்தால் ஆற்றில் இறங்கினேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

---

கத்துக்குட்டி_கயாக் (மூனிக்), ஜூன் 4

அக்கா, பயத்தைப் போக்கச் சொன்னால் புதிதாக மூன்று பயம் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் நன்றி. குறித்துக்கொண்டேன்.

ஒரு கேள்வி எல்லோருக்கும். அணையிலும் தண்ணீர் விழுகிறது, ஐஸ்கனாலிலும் விழுகிறது. அணைப் பக்கம் போகக் கூடாது என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் அதே ஆற்றுத் தண்ணீரில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். என்ன வித்தியாசம்?

---

ஓய்வு_பொறியாளர் (திருச்சி), ஜூன் 5

தம்பிக்கு வணக்கம். பொதுப்பணித் துறையில் நீர்வளப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன். கயாக்கில் உட்கார்ந்ததில்லை, இந்த வயதில் உட்காரும் உத்தேசமும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது என் பாடம்.

சரிவில் வேகமாக, மெல்லிய படலமாக இறங்குகிற தண்ணீர், கீழே ஆழமாக, மெதுவாக நிற்கிற தண்ணீரில் முட்டினால் திடீரென்று எழும்பும். நீர்த்தாவல் என்போம். எழும்பிய இடத்தில் மேல்பரப்புத் தண்ணீர் பின்பக்கமாக, அணையை நோக்கியே புரண்டு விழும். அணை கட்டுகிறவனுக்கு இது வேண்டும். விழுகிற தண்ணீரின் வேகம் அங்கேயே செத்தால்தான் ஆற்றுப்படுகை அரிக்காது, அணையின் அடித்தளம் தப்பிக்கும். அதற்காகவே கீழே தளம் போட்டு, பல் வைத்து, நீர்த்தாவல் ஓடிப்போகாமல் ஒரே இடத்தில் நிற்கும்படி வடிவமைப்போம்.

அந்த இடத்தில் ஆள் விழுந்தால் என்ன ஆகும்? புரளும் தண்ணீர் அவரை அணைப் பக்கம் இழுக்கும், விழும் தண்ணீர் கீழே அமுக்கும், அடியில் கொஞ்ச தூரம் போய் எழும்புவார், மறுபடி இழுக்கும். தண்ணீரில் பாதி காற்று, நீந்தப் பிடிமானம் கிடைக்காது. கரைக்குக் கரை ஒரே நேர்கோட்டில் ஒரே மாதிரி விழுவதால் பக்கவாட்டில் தப்பிக்க வழியும் இல்லை. ஆறு எவ்வளவு மூர்க்கம் என்பது பொருட்டே இல்லை. இடுப்பளவு உயரத் தடுப்பணையே போதும். தடுப்பணையில் குளிக்கப் போன இளைஞர்கள் பற்றிய செய்தி வராத வருஷம் உண்டா நம் ஊரில்? நீச்சல் தெரிந்தவன்தான் அதிகம் போகிறான்.

உங்கள் கனாலிலும் நீர்த்தாவல் இருக்கிறது, அந்த வெள்ளை நுரை அதுதான். ஆனால் திட்டுகளை நேர்கோட்டில் வைக்கவில்லை. ஒன்றை இடது பக்கம், அடுத்ததை வலது பக்கம், கோணலாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுழலுக்கும் ஒரு பக்கம் வாசல் இருக்கும். சிக்கினவனைச் சற்று நேரம் ஆட்டிவிட்டு அது வெளியே துப்பும். அணையிலும் கனாலிலும் ஓடுவது ஒரே தண்ணீர்தான், கான்கிரீட்டின் வடிவம்தான் வேறு.

இன்னொரு கணக்கு. லெக்கரை அவர்களே, அந்தத் தடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, மொத்த வீழ்ச்சி எவ்வளவு?

---

லெக்கரை (ஆக்ஸ்பர்க்), ஜூன் 5

ஐயா, வினாடிக்குச் சுமார் 10 கனமீட்டர். போட்டித் தடத்தில் வீழ்ச்சி சுமார் 4 மீட்டர், நீளம் 300 மீட்டரை ஒட்டி வரும்.

---

ஓய்வு_பொறியாளர் (திருச்சி), ஜூன் 5

அப்படியானால் நம் கணக்கில் சுமார் 350 கன அடி. மேட்டூரில் 10,000 கன அடி திறந்தால்தான் பேப்பரில் ஓரத்தில் போடுவான். 350 கன அடி இங்கே ஒரு கிளை வாய்க்காலில் ஓடும், அதில் எருமை படுத்திருக்கும். எங்கள் வாய்க்கால் அந்த 4 மீட்டரை இறங்கப் பல கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் எருமை தூங்குகிறது. நீங்கள் 300 மீட்டரில் இறக்குகிறீர்கள். சக்தி என்று பார்த்தால் கிட்டத்தட்ட 400 கிலோவாட். அதையெல்லாம் நுரையாகவும் சத்தமாகவும் செலவழித்துத் தீர்க்கிறீர்கள். டர்பைன்காரன் பார்த்தால் அழுவான்.

ஹோகாப்லாஸ் பற்றித் தேடிப் படித்தேன். 1910 வெள்ளத்தில் பழைய அணை போய்விட்டது, 1911-12இல் இப்போது இருப்பதைக் கட்டியிருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போன அன்று ராத்திரி நான் கரையில் நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆற்றை யாரும் கொல்லவில்லை, காட்டாறு தம்பி. அது சும்மா படுத்திருக்கிறது.

---

காட்டாறு (கோவை), ஜூன் 6

ஐயா சொன்னதில் கடைசி வரிக்கு நான் தலைவணங்குகிறேன். மற்றபடி என் கட்சி மாறவில்லை.

---

லெக்கரை (ஆக்ஸ்பர்க்), ஜூன் 6

காட்டாறு, “தினமும் அதே திட்டு, அதே பள்ளம்” என்றீர்களே, அதை வைத்தே ஒரு கதை இருக்கிறது.

1972 ஒலிம்பிக் மேற்கு ஜெர்மனியில். ஆக்ஸ்பர்க் தடத்தைக் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். திரும்பிப் போய் ஸ்விக்காவ் பக்கத்தில், முல்டே ஆற்றில் இதே மாதிரி ஒரு தடத்தைக் கட்டிக்கொண்டார்கள். மேற்கத்திய வீரர்கள் ஆக்ஸ்பர்க்கில் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் வீட்டிலேயே ஆக்ஸ்பர்க்கை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்லாலோமில் மொத்தம் நான்கு தங்கம். பெண்கள் கயாக்கில் ஆங்கெலிகா பாமன், ஆண்கள் கயாக்கில் சீக்பெர்ட் ஹோர்ன், ஒற்றையர் கேனோவில் ரைன்ஹார்ட் ஐபன், இரட்டையரில் ஹோஃப்மனும் ஆமெண்டும். நான்கும் கிழக்கு ஜெர்மனிக்கு. மேற்கு ஜெர்மனி தன் சொந்த வாய்க்காலில் ஒரு தங்கம்கூட எடுக்கவில்லை. எங்கள் கிளப் பெரியவர்களுக்கு இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் பீர் கசக்கும்.

அதற்கப்புறம் இருபது வருஷம் ஒலிம்பிக்கில் ஸ்லாலோமே இல்லை. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்காக லா சேவ் துர்ஹேயில் திரும்பி வந்தபோது பெண்கள் கயாக்கில் தங்கம் எடுத்தது ஆக்ஸ்பர்க் எலிசபெத் மிஷெலர். 1996 ஆலிவர் ஃபிக்ஸ், 2008 அலெக்சாண்டர் கிரிம், இரண்டு பேரும் இந்த வாய்க்கால் ஆட்கள்தான். ஊர் மூன்று லட்சம் பேர் இருக்கிற ஊர். இவ்வளவு தங்கம் எப்படி வந்தது? பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்து இறங்கலாம், நேற்று தவறிய அதே திருப்பத்தை இன்றைக்கு முப்பது தடவை போட்டுப் பார்க்கலாம்.

ஸ்லாவாக்கியாவில் பிராட்டிஸ்லாவா பக்கம் சுனோவோவிலும் அப்படித்தான். கப்சிகோவோ அணைத்திட்டத்தின் ஓரத்தில், டான்யூப் தண்ணீரில், பம்பு இல்லாமல் ஓடுகிற தடம். 2000, 2004, 2008 மூன்றிலும் இரட்டையர் தங்கம் எடுத்த ஹோக்ஷோர்னர் சகோதரர்களின் ஊர் அது.

---

காட்டாறு (கோவை), ஜூன் 6

நகல் எடுக்க முடிந்தால் அது ஆறே இல்லை. நீங்களே என் வாதத்தை நிரூபித்துவிட்டீர்கள்.

---

லெக்கரை (ஆக்ஸ்பர்க்), ஜூன் 6

ஆறு என்று நான் எப்போது சொன்னேன்? சிலேட்டு என்கிறேன். எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். நீங்கள் கோடஞ்சேரியில் ஓடுவது கவிதை, ஒத்துக்கொள்கிறேன். அ, ஆ எங்கே கற்றீர்கள்?

---

காட்டாறு (கோவை), ஜூன் 6

பரளிக்காடு பரிசலில். சரி, விடுங்கள்.

---

அட்லாண்டா_ஆறு (அட்லாண்டா), ஜூன் 8

காட்டாறு அண்ணன் கட்சிக்கு ஆள் சேர்க்க வந்தேன், அவரே தளர்ந்துவிட்டார் போல.

எங்கள் பக்கம் கதை தலைகீழ். ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸில் சட்டஹூச்சி ஆற்றில் ஒரு பஞ்சாலைக்கும் ஒரு மாவு ஆலைக்குமாகக் கட்டிய இரண்டு பழைய அணைகள் இருந்தன. ஆலைகள் போய்விட்டன, அணைகள் நின்றன. 2012இல் ஈகிள் அண்ட் ஃபீனிக்ஸ் அணையை உடைத்தார்கள், 2013இல் சிட்டி மில்ஸ் அணையை. அடியில் நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்த பாறைகள் வெளியே வந்தன. சில இடத்தில் செதுக்கியும் அடுக்கியும் திருத்தினார்கள். ஊர் நடுவில் இரண்டரை மைல் வெள்ளைத் தண்ணீர். எனக்குப் பூர்வீகம் சிங்காநல்லூர், பஞ்சாலை மூடினால் அந்த இடத்தில் என்ன வரும் என்று பார்த்து வளர்ந்தவன். ஆறு வந்து முதல் தடவையாகப் பார்த்தேன்.

அணை முழுக்கப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மேலே இன்னும் மின்சார அணைகள் இருக்கின்றன. காலையில் 800 கன அடி ஓடும், குடும்பத்தோடு ராஃப்டில் போகலாம். மதியத்துக்கு மேல் மின்சாரத் தேவைக்காகத் திறந்தால் 10,000 கன அடியைத் தாண்டும், அப்போது அதே இடத்தில் ராஃப்டையே மடக்கிப் போடும் அலை. அதனால் காட்டாறு அண்ணன் சொன்ன “காலை ஒரு முகம், மாலை ஒரு முகம்” இங்கேயும் உண்டு. மழைக்குப் பதில் ஏசிதான் அதை முடிவு செய்கிறது.

---

கத்துக்குட்டி_கயாக் (மூனிக்), ஜூன் 30

இறங்கினேன். நேற்று.

காலையில் சிறுவர் தடம். மானம் போகும் என்று நினைத்தேன், ஆனால் எங்கள் கிளப்பில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். லெக்கரை அண்ணா சொன்ன சைக்கிள் சாய்வை நாற்பது தடவையாவது போட்டிருப்பேன். இருபதாவது தடவைக்கு மேல்தான் புரிந்தது, சாய்க்க வேண்டியது உடம்பை இல்லை, இடுப்பை. தலை நேராக இருக்க வேண்டும். யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

மதியம் பெரிய தடம். மேலே தண்ணீர் அமைதியாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அது ஒரு ஏமாற்று. விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது, சத்தம் மட்டும்தான் வருகிறது. இறங்கினேன். முதல் திட்டின் பின்னால் நின்றேன். நின்றுவிட்டேன் என்பதே நம்ப முடியவில்லை, கரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. துடுப்பு ஒரு கையில், படகின் வால் மெதுவாக ஓட்டத்துக்குள் போய்விட்டது. அடுத்தது வானம், அப்புறம் பச்சை.

உள்ளே சத்தமே இல்லை, அதை யாரும் சொல்லவில்லை. வெளியே அவ்வளவு இரைச்சல், தண்ணீருக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும். சுருண்டேன். ஹெல்மெட்டில் ஒரு தட்டு. ரோலுக்குத் துடுப்பை வைத்தேன், பாதி எழுந்தேன், மறுபடி போனேன். குளத்தில் பத்துக்கு எட்டு, இங்கே ஒன்றுக்கு பூஜ்யம். பாவாடையைப் பிடுங்கி வெளியே வந்தேன். படகு வாயை மூடுகிற ரப்பர் துணிக்கு எங்கள் கிளப் தமிழர்கள் வைத்த பெயர் அது. வந்தும் விடவில்லை. ஒரு சுழல் என்னைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றியது. அந்த இரண்டாவது சுற்றில் பொறியாளர் ஐயா ஞாபகம் வந்தது, சத்தியமாக. ஒரு பக்கம் வாசல் இருக்கும். வலது பக்கம் உதைத்தேன், துப்பிவிட்டது.

கரையிலிருந்து கயிற்றுப் பையை எறிந்தார்கள். பிடித்து ஏறினால் முட்டியில் தோல் இல்லை. என் படகைக் கீழே ஒரு சின்னப் பையன் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். “நோஹ்மால்?” என்றான். மறுபடியுமா என்று அர்த்தம். மூன்று தடவை போனேன். மூன்றாவதில் கவிழாமல் கடைசிவரை வந்தேன். கம்பிகளுக்கு நடுவில் போனேனா என்று கேட்காதீர்கள்.

டாக்டர் அக்கா, தோள் பத்திரம். முட்டிக் காயத்தைக் கழுவி மூடியிருக்கிறேன். கெண்டைக்கால் வலிக்கிறது, ஆனால் அது படிக்கட்டு ஏறியதால்.

---

டீஸ்_டாக்டர் (மிடில்ஸ்பரோ), ஜூன் 30

பத்து நாள் கழித்தும் வலித்தால் படிக்கட்டு மேல் பழி போடாதே. சபாஷ்!

---

ஓய்வு_பொறியாளர் (திருச்சி), ஜூலை 1

மகிழ்ச்சி தம்பி. அந்தச் சுழலை உண்டாக்கிய திட்டின் உயரம் எவ்வளவு இருக்கும்? ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.

---

கத்துக்குட்டி_கயாக் (மூனிக்), ஜூலை 1

ஐயா, உள்ளே இருந்தபோது ஒரு மாடி உயரம் இருந்தது. அளக்கவில்லை.

---

கத்துக்குட்டி_கயாக் (மூனிக்), அக்டோபர் 19

பழைய இழையைத் தோண்டுகிறேன், மட்டுறுத்துநர் மன்னிக்கவும். பொறியாளர் ஐயாவுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது.

இங்கே வருஷத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்காக வாய்க்கால்களில் தண்ணீரை அடைக்கிறார்கள். நேற்று போனேன், தண்ணீர் இல்லை. ஈரக் கான்கிரீட், பாசி, ஒரு மூக்குக் கிளிப், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. என்னைச் சுற்றிய அந்தத் திட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்துப் பாலத்தை வைத்து அடையாளம் பிடித்தேன்.

ஓரத்தில் நின்று கண்ணால் அளந்தேன். ஐயா, அது என் இடுப்புக்குக்கூட வராது.